வீட்டுக்கு அருகே ஓர் இடம்: மட்டக்களப்பில் அன்றாடக் காட்சிகளைப் படமெடுத்து எழுதிவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கைபேசியில் படமெடுக்கப் பழகுகிறவர்கள் மட்டக்களப்பில் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறார்கள். முதலில் கல்லடிப் பாலம், பிறகு பாசிக்குடா, பிறகு முகத்துவாரத்து வெளிச்சவீடு, இடையிடையே எண்ணற்ற அந்திச் சூரியன்கள். சில மாதங்களில் அலுத்துவிடுகிறது. "இனி எடுப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவரின் ஒழுங்கை முனையிலேயே ஒரு தேநீர்க் கடை இருக்கும்; அடுத்த வீட்டு வேலியில் வலை காய்ந்துகொண்டிருக்கும்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. விலையுயர்ந்த கமெரா வேண்டியதில்லை. படிகளை மட்டும் இங்குள்ள வரிசையிலேயே செய்யுங்கள். குறிப்பாக ஏழாவது படியை எட்டாவதற்குப் பின்னால் தள்ளாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அதிகம் வழுக்குவது அந்த இடத்தில்தான்.

1. புறப்படும் முன்

கைபேசி, ஒரு மெல்லிய பருத்தித் துணி, சிறிய கொப்பி, பேனை, தேநீருக்குச் சில்லறை. இவ்வளவு போதும்.

துணி எதற்கு? நமது கரையோரக் காற்றில் உப்பு இருக்கிறது. சட்டைப் பையில் வியர்வை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து லென்ஸில் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. வெயிலை நோக்கி எடுக்கும்போது படம் முழுவதும் வெளிறி, விளக்குகளில் இருந்து கோடு கோடாக ஒளி இழுபடும். "என் ஃபோன் சரியில்லை" என்று குறைசொல்லி வருகிறவர்களில் பலருக்குத் துடைத்துக் கொடுத்தாலே போதுமாக இருக்கிறது. கடற்கரையில் சாரத்தின் நுனியால் துடைக்காதீர்கள். அதிலுள்ள மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

குளிரூட்டிய அறையில் இருந்தோ வாகனத்தில் இருந்தோ வெளியே வந்தவுடன் லென்ஸ் பனிக்கும். துடைக்கத் துடைக்க மீண்டும் பனிக்கும். பத்து நிமிடம் வெளியில் வைத்திருங்கள், தானாகத் தெளியும்.

பிறகு கைபேசிக்குள் சில மாற்றங்கள். திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் கோடுகளைப் போடுங்கள். வாவியின் நீர்மட்டம் சரிந்திருந்தால் உடனே தெரியும். பிளாஷை அணையுங்கள். முகத்தை வழவழப்பாக்கும் அழகு வடிகட்டியை அணையுங்கள். படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். பெரும்பாலான கைபேசிகளின் உணரியின் முழுப் பரப்பும் அந்த அளவில்தான் பயன்படுகிறது, மற்ற அளவுகள் அதை வெட்டித் தருபவை. கடைசியாக, விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வட்ஸ்அப் செய்தி ஒன்று திரையின் மேல் வந்து விழுந்தால் கண் அங்கே போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர நேரம் பிடிக்கும்.

2. ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

ஓர் இடம் என்றால் ஒன்றுதான். "மட்டக்களப்பு நகரம்" ஓர் இடம் ஆகாது. "வாவிக்கரை"யும் ஆகாது, 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்கு எத்தனை கரை! "எங்கள் சந்தியில் உள்ள சைக்கிள் திருத்தும் கடையின் முன்பக்கம்" என்பது ஓர் இடம்.

நான்கு கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். வீட்டில் இருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகலாமா? அங்கே யாராவது கையால் ஏதாவது செய்கிறார்களா? ஒரு பக்கத்தில் இருந்தாவது வெளிச்சம் தாராளமாக வருகிறதா? யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அரை மணித்தியாலம் நிற்க முடியுமா?

நடை தூரம் முக்கியம். பஸ் ஏறிப் போகும் இடத்துக்கு ஒரு முறைதான் போவோம். போனதற்காகவே நிறைய எடுத்துக் குவிப்போம். முதல் நாள் எல்லோருக்கும் தெரிகிற காட்சிதான் நமக்கும் தெரியும். மூன்றாம் முறை போகும்போது, தேநீர்க் கடைக்காரர் சில்லறையை எப்போதும் இடக்கையால் எண்ணுவது தெரியவரும். அதைத் தேடித்தான் இவ்வளவு ஏற்பாடும்.

குருமண்வெளித் துறை, காத்தான்குடியில் ஒரு துணிக்கடை வாசல், கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வட்டையின் (வயல்வெளியின்) வரம்பு, கல்முனைச் சந்தையில் ஒரே ஒரு மரக்கறித் தட்டு, மருதமுனையில் தறி ஓடும் வீடு, இறக்காமக் குளத்தின் ஒரு படிக்கட்டு, எல்லாம் பொருந்தும். வெளியே போகத் தயங்குகிறவர்களுக்கு வீட்டுக் குசினி இருக்கிறது. அதைக் குறைவாக எண்ண வேண்டாம். காலையில் புட்டுக் குழலில் இருந்து ஆவி எழும்போது கிழக்கு யன்னல் திறந்திருந்தால், நகரம் முழுவதும் தேடினாலும் கிடைக்காத வெளிச்சம் அங்கே இருக்கும்.

3. வெளிச்சத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இடத்துக்குப் பிறகு நேரம். வரிசையை மாற்றி, கையில் கிடைத்த நேரத்தில் போய் நின்றால் உச்சி வெயிலில்தான் போய் நிற்போம்.

நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் சரிவாக ஏறுவதில்லை. கிட்டத்தட்ட செங்குத்தாக, மணிக்கு 15 பாகை வரை ஏறுகிறது. ஆகவே மென்மையான காலை வெளிச்சம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லப்படும் நீண்ட பொன்னொளி நேரத்தை இங்கே எதிர்பார்த்து ஆறுதலாகக் கிளம்பினால், போய்ச் சேரும்போது அது முடிந்திருக்கும். மட்டக்களப்பில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் காலை 5.45க்கும் 6.25க்கும் இடையில்; அஸ்தமனம் மாலை 5.40க்கும் 6.25க்கும் இடையில். கடிகார நேரத்தை மனப்பாடம் செய்யாமல், உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இடத்தில் நில்லுங்கள்.

அடுத்தது திசை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. களுவாஞ்சிக்குடியிலோ ஆரையம்பதியிலோ காலையில் கடற்கரைக்குப் போனால் சூரியன் முகத்துக்கு எதிரே. மனிதரும் தோணியும் கருநிழல் உருவங்களாக வருவார்கள். அதே காலையில் திரும்பி நடந்து வாவிக்கரைக்குப் போனால் சூரியன் உங்கள் முதுகில். தோணியில் இருப்பவரின் முகச் சுருக்கம்கூடத் தெரியும். மாலையில் இரண்டும் இடம் மாறும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்கு வாவிக்கு மேலாகக் காலை வெளிச்சம் எதிரே வந்து விழுகிறது. நெல் வயலுக்கு அந்த எதிர்வெளிச்சமே நல்லது, தாளின் விளிம்புகள் மின்னும்.

கருநிழல் வேண்டுமா முகம் வேண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே போய்க் குழம்பினால் இரண்டும் இல்லாத சாம்பல் படம்தான் கிடைக்கும்.

நீரில் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் காலையைத் தவிர வேறு வழியில்லை. வெயில் ஏறக் கடற்காற்று கிளம்பும், வாவியின் நீர்ப்பரப்பில் சுருக்கம் விழத் தொடங்கிவிடும்.

நடுப்பகலில் வெட்டவெளியில் முகங்களை எடுக்காதீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்பும், மறுபடி செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நமது உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நாட்களை ஒட்டிய வாரங்களில் கண்குழிகள் கறுத்து, மூக்கு மட்டும் வெளுத்து, எல்லோரும் நோயாளிகள்போலத் தெரிவார்கள். அந்த நேரத்தில் விறாந்தை உதவும். கூரை நிழலின் விளிம்பில் இருந்து ஓரடி உள்ளே ஆளை இருக்கச் சொல்லி, முகம் முற்றத்தைப் பார்க்கும்படி வைத்தால் போதும்.

மாரியை வீணாக்காதீர்கள். நவம்பரில் இருந்து ஜனவரி வரை வானம் மூடியிருக்கும் நாட்களில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். நாள் முழுவதும் முகங்களை எடுக்கலாம். புதியவர்கள் இந்த மாதங்களில் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையின் புழுதியும் கூச்சமுமான வெயிலில் வெளியே எடுக்கிறார்கள். எனக்கு இது நேர்மாறாகவே படுகிறது.

4. கைபேசியை வெளியே எடுக்காமல் பதினைந்து நிமிடம்

இடத்துக்குப் போய், ஒரு தேநீர் வாங்கி, உட்காருங்கள். கைபேசி பையிலேயே இருக்கட்டும். கொப்பியில் ஐந்து வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். உதறுகிறார், எண்ணுகிறார், ஊதுகிறாள், காத்திருக்கிறார்கள், கொத்துகிறது. கடை, மரம், தோணி, கடல் போன்ற பெயர்ச்சொற்கள் வேண்டாம்.

பெயர்ச்சொல்லைத் தேடிப் போகிறவர் தபால் அட்டையோடு திரும்புகிறார். தோணி என்று நினைத்தால் தோணியைத்தான் எடுப்போம். வினையைத் தேடினால் அது நிகழும் கணத்துக்காகக் காத்திருக்க நேரும், அந்தக் காத்திருப்பில் கண் பழகும். அத்துடன், பதினைந்து நிமிடம் சும்மா இருந்த ஆளை அங்குள்ளவர்கள் மறந்துவிடுவார்கள். வந்தவுடன் கைபேசியை உயர்த்துகிறவரை யாரும் மறப்பதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஓர் அருங்காட்சியகத்தில் சில பொருட்களைப் படமெடுத்தார்கள், சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்தார்கள். முழுப் பொருளாகப் படமெடுத்தவை பின்னர் குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. ஒரு பகுதியைத் தெரிவுசெய்யும்போது மனமும் வேலை செய்கிறது போலும். வினைகளை எழுதும் இந்தப் பயிற்சியும் அந்தத் தெரிவைத்தான் முன்கூட்டிச் செய்விக்கிறது.

5. கேளுங்கள்

மனிதர் படத்தில் அடையாளம் தெரியும்படி வருவார் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். "கேட்டால் இயல்பு போய்விடும்" என்பது எல்லோரும் சொல்லும் சாக்கு. முதல் இரண்டு நிமிடம் போகும், பிறகு வேலை அவரை இழுத்துக்கொள்ளும். வலையைத் தைக்கிறவர் எவ்வளவு நேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்?

கேட்கும் முறையில் செயலைச் சொல்லுங்கள். "அண்ணே, நீங்கள் வலை தைப்பதை எடுக்கலாமா? கை மட்டும் வந்தாலும் போதும்." காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ என்றால், அண்ணனைக் குறிக்கும் "காக்கா" அல்லது "நானா" என்று தொடங்குங்கள். "உங்களை ஒரு ஃபோட்டோ" என்று கேட்டால் அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, விறைத்து நிற்பார். மறுத்தால் சிரித்து நன்றி சொல்லிவிட்டு அங்கேயே இருந்து தேநீரைக் குடித்து முடியுங்கள். உடனே எழுந்து போனால், படத்துக்காக மட்டுமே வந்தவர் என்று ஆகிவிடும். பெண்களைக் கேட்கும்போது அருகில் இன்னொரு பெண் இருப்பது நல்லது. சிறுவர்களுக்குத் தாய் தகப்பனின் சம்மதம் வேண்டும். பிள்ளை தானாக ஓடி வந்து முன்னால் நின்று சிரித்தாலும்கூட.

முகாம், சோதனைச் சாவடி, சீருடை எதையும் எடுக்க வேண்டாம். கோயில் மூலஸ்தானத்தை எடுக்க வேண்டாம். தேவாலயம், பள்ளிவாசல் வாசலில் அறிமுகம் இல்லாதவர் கைபேசியை உயர்த்தினால் மக்கள் இன்னும் பதறுகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலை இந்த நகரம் மறக்கவில்லை. உள்ளே போய்ப் பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. கரையோரத்தில் கூரையில்லாத சுவர்களையும் மண்ணில் புதைந்த அத்திவாரங்களையும் பார்த்துப் புதியவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள்: பாசி, வெடிப்பு, உள்ளே முளைத்த செடி, பின்னால் கடல். நாவலடியில், கல்லடியில், கல்முனைப் பக்கம் அவற்றில் பல, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இல் மனிதர்கள் இருந்த வீடுகள். பக்கத்து வீட்டில் கேளுங்கள், யாருடைய வீடு என்று சொல்வார்கள். கேட்டபின்னும் எடுக்கத் தோன்றினால் எடுங்கள். கேளாமல் எடுத்து "சிதைவின் அழகு" என்று தலைப்பிடுவது, எனது பார்வையில், செய்யக்கூடாத ஒன்று.

6. சட்டகம்: காலில் இருந்து தொடங்குங்கள்

படமெடுக்கும் வரிசை இதுதான்: கால், பின்புறம், ஓரங்கள், வெளிச்சம், பொத்தான். புதியவர்கள் பொத்தானில் தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள்.

கால் என்றால், விரலால் திரையில் பெரிதாக்காமல் நடந்து நெருங்குவது. விரல் ஸூம் பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதுகிறது. ஆனால் முகத்துக்கு மிக அருகே போகக்கூடாது. கைபேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணமுடையது. கையெட்டும் தூரத்தில் மூக்கைப் பெருக்கிக் காதைச் சுருக்கும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று, உங்கள் கைபேசியில் 2x லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பின்புறம் என்றால், தலைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்பது. நம் ஊரில் பெரும்பாலும் மின்கம்பமும் தேர்தல் சுவரொட்டியும். ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் கம்பம் மறையும். முழங்காலில் இருந்தால் பின்புறம் வானமாகும். ஒரு கல்லில் ஏறி நின்றால் தரையாகும். பின்புறத்தைச் சரிசெய்ய முடியாத இடத்தில் படம் எடுப்பதில் பொருளில்லை, எவ்வளவு நல்ல முகமானாலும்.

ஓரங்களை நான்கு பக்கமும் கண்ணால் ஒரு முறை சுற்றிவாருங்கள். பாதி வெட்டுப்பட்ட வாளி, யாரோ ஒருவரின் முழங்கை, பொலித்தீன் பை. தொட்டுத் தூக்கி அகற்றாதீர்கள். அது அவருடைய இடம். நீங்கள் நகருங்கள்.

வெளிச்ச அளவைத் திரையில் விரலை வைத்துப் பூட்டலாம். எது சரியாகத் தெரியவேண்டுமோ அதன்மேல் ஓரிரு செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து ஒரு படி இருட்டாக்குங்கள். கைபேசி எல்லாவற்றையும் பளிச்சென்று காட்ட முற்படும். வெளிறிப்போன வெள்ளையைப் பின்னர் எந்தச் செயலியாலும் மீட்க முடியாது, இருட்டை ஓரளவு மீட்கலாம்.

பழகுவதற்கு மூன்று பயிற்சிகள்.

தேநீர்க் கடை. ஆவி தெரிய வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகள்: வெளிச்சம் ஆவிக்குப் பின்னால் இருந்து வரவேண்டும், அதன் பின்புறம் இருட்டாக இருக்கவேண்டும். கடைக்கு வெளியே நின்று உள்ளே நோக்கினால் வெளிச்சம் உங்கள் பக்கம் இருந்து போகிறது, ஆவி காணாமல் போகும். உள்ளே போய்ப் பக்கவாட்டில் நின்று, கரிபிடித்த சுவரைப் பின்புறமாக வையுங்கள். நெல் தூற்றும்போது எழும் தூசிக்கும் இதே விதி.

வீச்சு வலை. வலை முழு வட்டமாக விரிந்து நிற்பது கண் இமைக்கும் நேரம். விரிந்ததைப் பார்த்து அழுத்தினால் அது விழுந்திருக்கும். வலையைப் பார்க்காமல் மனிதரின் முழங்காலைப் பாருங்கள்: மடங்கும், இடுப்பு பின்னால் திரும்பும். திரும்பும்போதே, அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் தொடர்படப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் எதிரே வேண்டாம். இரண்டு மூன்று வீச்சை வெறுமனே பார்த்தபின் தொடங்கினால், அவருடைய தாளம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

மீன் சந்தை. இங்கே பெரிய தொல்லை நீலத் தறப்பாள். அதற்குக் கீழே உள்ள எல்லாமே நீலமாகும். பாரை மீனும் நீலம், விற்கிறவரின் கன்னமும் நீலம். செயலியில் நீலத்தைக் குறைத்தால் மற்ற நிறங்கள் கெடும். தறப்பாளின் ஓரத்தில், பக்கவெயில் விழும் தட்டைத் தேடுங்கள். ஈரமான மீனின் செதில் பக்கவெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழுந்து தெரியும்.

ஒரு முறை போனால் முப்பது படங்களுக்கு மேல் வேண்டாம் என்று வரையறை வையுங்கள். தொடர்படத்தை ஒன்றாகக் கணக்கிடலாம். வரையறை இல்லாதவர் அழுத்திவிட்டு யோசிப்பார்.

7. படத்தைத் திரும்பப் பார்க்கும் முன் எழுதுங்கள்

படமெடுத்து முடிந்தவுடன் கை தானாகப் படத்தொகுப்பைத் திறக்கும். திறக்காதீர்கள். முதலில் கொப்பி.

படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் படத்தில் இருப்பதையே எழுதுவோம். சட்டகத்துக்கு வெளியே நடந்ததெல்லாம் அந்த நொடியில் மங்கிவிடும்: மணம், ஓசை, நீங்கள் ஏன் நின்றீர்கள் என்பது. ஒரு வாரம் கழித்து நினைவு என்று உங்களிடம் மிஞ்சுவது அந்தச் செவ்வகம் மட்டுமே. ஆகவே அங்கேயே, அல்லது வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு மதிலில் இருந்து, மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

எதைக் கண்டு நின்றேன்? ஒரு வரி. ஒரு பொருள் அல்லது ஓர் அசைவு மட்டும்.

சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது? பாண் வண்டியின் பாட்டா, பக்கத்தில் நடந்த பேச்சா, கருவாட்டு வாடையா?

இதை முன்பு எங்கே பார்த்திருக்கிறேன்? இது கடினமான கேள்வி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் நாம் காரணமின்றி எதன் முன்னும் நிற்பதில்லை. நூறு பேர் கடந்துபோன இடத்தில் நீங்கள் மட்டும் நின்றதற்கு உங்கள் வாழ்க்கையில் ஏதோ ஒன்று இருக்கும். விடை உடனே வராவிட்டால் கீழே இரண்டு வரி இடம் விட்டுவையுங்கள். பல நாள் கழித்து, சோறு தின்னும்போது வரும்.

சில சொற்களுக்குத் தடை போடுங்கள்: அழகான, அற்புதமான, ரம்மியமான, எழில் கொஞ்சும், மனதை மயக்கும். இவற்றை எந்தப் படத்தின் கீழும் எழுதலாம், அதுதான் குறை. ஒரு எடுத்துக்காட்டு. முதலில் பலர் எழுதும் வகை:

"அந்தி சாயும் வேளையில் வாவிக்கரையில் மீனவரின் ரம்மியமான காட்சி."

தடையை மதித்து, மூன்று கேள்விக்கும் விடை தேடினால் இப்படி வரலாம்:

"வலையில் மீன் இல்லை. ஆனாலும் அதை நன்றாக உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டார். யாரோ தோணியில் இருந்து 'நாளைக்குப் பார்ப்போம்' என்றார். அம்மாவும் வெறும் சுளகை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சுவரில் மாட்டுவார்."

இரண்டாவதில் அழகு என்ற சொல்லே இல்லை. படிக்கிறவர் அந்த மனிதரைப் பார்த்துவிடுகிறார், எழுதியவரின் தாயையும் பார்த்துவிடுகிறார்.

இங்கே மற்றொரு தவறும் நடக்கும்: தத்துவம். வெறும் தோணியைக் கண்டால் வாழ்க்கை ஒரு பயணம் என்று எழுதத் தோன்றும். தோன்றினால் எழுதுங்கள், மறுநாள் அந்த வரியை மட்டும் வெட்டுங்கள். மீதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கையெழுத்தில் எழுதுவதை வலியுறுத்துகிறேன். கைபேசியிலேயே குறிப்பெழுதினால், படத்தொகுப்பு ஒரு விரல் தூரத்தில்தான் இருக்கிறது.

8. மறுநாள் தெரிவுசெய்யுங்கள்

அன்றிரவே தெரிவுசெய்தால், பட்ட பாட்டுக்கு மதிப்பெண் போடுவோம். சேற்றில் இறங்கி எடுத்த படம் என்பதற்காக மோசமான படம் பிழைத்துவிடும். மறுநாள் சேறு காய்ந்திருக்கும்.

முதல் சுற்றில் மங்கல், ஆட்டம், மூடிய கண் எல்லாவற்றையும் அழியுங்கள். இரண்டாம் சுற்றில் ஒரே காட்சியின் பல படங்களில் ஒன்றை மட்டும் வையுங்கள். மூன்றாம் சுற்றில் கொப்பியைத் திறவுங்கள். குறிப்பை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள். படத்தை மூடிவிட்டுக் குறிப்பைப் படியுங்கள். இரண்டும் ஒரே செய்தியைச் சொன்னால் ஒன்று மிகை. படத்தில் வெறும் வலையும் தோளும், குறிப்பில் அம்மாவின் சுளகும் என்றால் இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒரு முறை போனதற்கு மூன்று படம் மிஞ்சினால் நல்ல விளைச்சல். ஒன்றுமே மிஞ்சாமல், குறிப்பு மட்டும் நன்றாக வரும் நாளும் உண்டு. அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

தெரிவானவற்றை உடனே வேறொரு இடத்திலும் சேமியுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை கட்டணமில்லை, ஆனால் மின்னஞ்சலும் அதற்குள் அடங்கும்.

9. திருத்தம்

குறைவாகச் செய்யுங்கள். சரிந்த நீர்மட்டத்தை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, தேவையானால் நிழலைச் சற்றே தூக்கினால் போதும். நிறச்செறிவைக் கூட்டும் கோடு ஒன்று எல்லாச் செயலியிலும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். மட்டக்களப்பு வானம் செம்மஞ்சள் சாயம் ஊற்றியதுபோல இருப்பதில்லை, வயலும் பிளாஸ்டிக் பச்சையாக இருப்பதில்லை. வேற்றூரார் நம்பலாம், இங்குள்ளவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கறுப்பு வெள்ளைக்கு மாற்றத் தோன்றினால், நிறம் தொல்லையாக இருப்பதாலா, படம் வலுவற்றது என்பதாலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னதென்றால் மாற்றினாலும் தேறாது.

10. அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள், படத்தையும் கொண்டுபோங்கள்

அடுத்த வாரம் புதிய இடம் தேடாதீர்கள். பெரும்போக நெல் வெட்டிமுடியும் மாசி, பங்குனி வரை அதே வரம்பு, அதே கடை, அதே துறை. காலையில் போனவர் மாலையில் போகலாம், வெயிலில் போனவர் மழையில் போகலாம். ஐந்து வினைகளை மீண்டும் எழுதுங்கள். சென்ற முறை எழுதியவற்றை எழுதக்கூடாது என்பது மட்டும் விதி. ஆறேழு முறைக்குப் பின் அந்த விதி கடினமாகும். அப்போதுதான் பார்க்காமல் விட்டவற்றைப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

போகும்போது படத்தில் இருப்பவருக்கு ஓர் அச்சுப்பிரதி கொடுங்கள். கேட்டு எடுத்ததற்கு அது கடன். அடுத்த முறை நீங்கள் கேட்க வேண்டிய தேவையும் இராது. பெரும்பாலும் அவரே பக்கத்துக் கடைக்காரரையும் கூட்டிவந்து உங்கள் முன் நிறுத்துவார்.

ஸ்டூடியோவில் அச்சிடும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய பிரதியைக் கொடுப்பது. அது சுருக்கப்பட்டது, தாளில் முகம் குழைந்துபோகும். மூலக் கோப்பைக் கொடுங்கள், வட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள். மற்றது அளவு. உங்கள் படம் 4:3. வழக்கமான 6 அங்குலத்துக்கு 4 அங்குலத் தாள் 3:2. இயந்திரம் தானாக வெட்டினால், கிடையாக எடுத்த படத்தில் நின்றுகொண்டிருப்பவரின் தலையோ காலோ போகும். கடைக்குப் போகும் முன் நீங்களே 3:2 ஆக வெட்டிக்கொள்ளுங்கள். பளபளக்கும் தாளைவிட மங்கல் தாளைக் கேளுங்கள். மீன் சந்தையின் ஈரக் கைகளில் விரல் அடையாளம் குறைவாகத் தெரியும். முடிந்தால் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கடையில் ஒட்டுவார், மற்றதை வீட்டுக்குக் கொண்டுபோவார்.